விஸ்வாக் கரைக்குப் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்துக்கு வழி கேட்டால் எவரும் சொல்லிவிடுவார்கள். 1826இல் அந்த ஆலயத்தைக் கட்டி முடித்த ரேனியஸ் ஐயரின் பெயரும் இவ்வூரில் புழக்கத்தில் உள்ளதுதான். அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் ஜெர்மனி என்பார்கள். தாய்மொழியைக் கொண்டு சொன்னால் அது சரி. ஆனால் 1790இல் அவர் பிறந்தது அன்றைய பிரஷ்யாவில், விஸ்துலா ஆற்றங்கரையில் உள்ள கிராடென்ஸ் என்ற ஊரை ஒட்டிய கோட்டையில். அந்த ஊர் 1920இல் போலந்தோடு சேர்ந்தது. இன்று அதன் பெயர் குருஜோன்ட்ஸ். ஆற்றைப் போலந்து மக்கள் விஸ்வா என்கிறார்கள். ரேனியஸ் பிறந்த காலத்தில் போலந்தை அண்டை அரசுகள் துண்டாடிக்கொண்டிருந்தன. 1795இல் வரைபடத்திலிருந்தே மறைந்துபோன அந்நாடு, 123 ஆண்டுகள் கழித்து 1918இல்தான் மீண்டும் நாடாயிற்று. எனவே அவரைப் போலந்துக்காரர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. விஸ்வாக் கரையில் பிறந்த ஒருவர் 1820இல் தாமிரபரணிக் கரைக்கு வந்து, பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1838இல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன். ஏனென்றால் இப்போது என் மாணவர்கள் அதே வழியில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். எங்கள் பக்கத்து மக்களுக்கு அயலூர்ப் பிழைப்பு புதிதன்று. கொழும்புக் கடைகளுக்குப் போன தலைமுறை ஒன்று; வளைகுடாவுக்குப் போன தலைமுறை ஒன்று. ஆறேழு ஆண்டுகளாக அம்பாசமுத்திரம், முக்கூடல், வீரவநல்லூர்ப் பேருந்துகளில் போலந்து என்ற பெயரும் காதில் விழுகிறது. காரணம் எளிது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு போலந்தின் இளைஞர்கள் இலட்சக்கணக்கில் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடிப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களை முதலில் உக்ரைனியர் நிரப்பினர். அதன் பின்னும் கிடங்குகளிலும் பற்றவைப்புப் பட்டறைகளிலும் இறைச்சி பதப்படுத்தும் ஆலைகளிலும் சரக்கு வண்டிகளிலும் ஆள் போதவில்லை. அந்த வேலைகளுக்குத்தான் நம் பிள்ளைகள் போகிறார்கள்.

நான் போலந்தைப் பார்த்தவனல்லன். ஆனால் போகிறவர்கள் புறப்படுமுன் தாள்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஊரில் வேறு யாரிடம் காட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நன்னூல் நடத்தியவருக்கு எந்தத் தாளையும் படிக்கத் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகவே போலந்துச் சட்டங்களின் ஆங்கில வடிவங்களை இரவுகளில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். போனவர்கள் அனுப்பும் குரல் செய்திகளிலிருந்து மீதியைக் கற்றேன். அவற்றைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2023 ஆடி மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்து மாணவன் ஒருவன் தன் தாயோடு துறைக்கு வந்தான். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டுப் பற்றவைப்புப் பயிற்சி பெற்றவன். தந்தை இல்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அவர்களுக்கு நாற்பது சென்ட் நஞ்சை. முகவர் நான்கு இலட்சம் கேட்டிருந்தார். நிலத்தை ஒத்தி வைத்தால் கிடைக்கும். அந்த அம்மாள் இரண்டு தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

“சார், இந்தத் தாளுல என்ன எழுதிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. போவணுமா வேண்டாமான்னு நான் கேக்கல. அத நாங்க பாத்துக்கிடுதோம்.”

அறிவுரை சொல்கிறவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தாள் முழுக்கப் போலந்து மொழியில் இருந்தது. கைப்பேசியின் துணையோடு ஒரு மணி நேரம் படித்தோம். அன்று கற்றதிலிருந்தே தொடங்குகிறேன்.

போலந்தில் வேலைக்கான ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ‘உமோவா ஓ பிராத்ஸெ’. இதுவே முழுமையான வேலை ஒப்பந்தம். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்குச் சராசரி நாற்பது மணி வேலை. இரு வேலை நாள்களுக்கு நடுவே பதினோரு மணி நேர ஓய்வு. ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு, பத்தாண்டு பணிக்காலம் கணக்கானால் 26 நாள். இவை எல்லாம் இதில் அடங்கும். மற்றொன்று ‘உமோவா ஸ்லெத்ஸேனியே’. ஒரு பணியைச் செய்து தருவதற்கான ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் இதற்கும் உண்டு. ஆனால் மேலே சொன்ன விடுப்பும் ஓய்வும் தாமாக வாரா. தாளின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அம்மாள் கொண்டுவந்த தாளின் தலைப்பு இரண்டாவது வகை.

அடுத்து, ‘புருத்தோ’, ‘நெத்தோ’ என்ற இரண்டு சொற்கள். முன்னது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. பின்னது கையில் கிடைப்பது. 2026ஆம் ஆண்டுக்குப் போலந்தின் குறைந்தபட்ச மாத ஊதியம் 4806 ஸ்லோட்டி, மணிக்கணக்கில் 31.40 ஸ்லோட்டி. இவை புருத்தோ. மாத ஊதியத்தில் காப்பீடும் வரியும் போகக் கையில் வருவது ஏறத்தாழ 3600. முகவர்கள் வாயால் சொல்லும் தொகை எப்போதும் முதல் தொகைதான். அதற்கு மேல் தங்குமிட வாடகை, பணியிடத்துக்கு அழைத்துச் செல்லும் வண்டிக் கட்டணம் என்று பிடித்தங்கள் இருந்தால் அவை தாளில் எழுத்தாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. அயல்நாட்டவர் கையெழுத்திடும் முன்னரே அவருக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தத்தின் பெயர்ப்பை வேலை கொடுப்பவர் தர வேண்டும் என்பது போலந்துச் சட்டம். இதைக் கேட்டு வாங்குவது சலுகை அன்று, உரிமை. அந்த மாணவன் முகவரிடம் கேட்டான். “அங்க போனா குடுப்பாங்க, எல்லாரும் இப்படித்தான் போறாங்க” என்று பதில் வந்தது. தாயும் மகனும் தங்களுக்குள் பேசி அந்த முகவரை விட்டுவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு மாதம் கழித்து, பதிவு பெற்ற வேறொரு முகவர் வழியாக, முதல் வகை ஒப்பந்தத்தோடு அவன் போனான். நிலம் ஒத்திக்குப் போகவில்லை. இந்தப் பிசானத்துக்கும் அதில் நெல்தான்.

முக்கூடல்காரன் இன்னொருவன் 2022இல் எவரிடமும் காட்டாமல் போனவன். சொன்ன ஊதியத்துக்கும் வந்த ஊதியத்துக்கும் நடுவே படுக்கை வாடகை நின்றது. ஓர் அறையில் ஆறு பேர். பொறுக்காமல் நண்பன் சொன்ன வேறொரு கிடங்குக்கு மாறினான். அங்கேதான் சிக்கல். வேலை அனுமதி என்பது ஆளுக்குத் தரப்படுவதன்று. குறிப்பிட்ட வேலை கொடுப்பவரிடம், குறிப்பிட்ட பணிக்குத் தரப்படுவது. புதிய அனுமதி இல்லாமல் மாறினால் அந்தக் கணமே சட்டத்துக்குப் புறம்பான உழைப்பாகிவிடும். பதினோரு மாதத்தில் திரும்பினான். கடன் மட்டும் திரும்பவில்லை. இப்போது பேட்டையில் சுமை ஆட்டோ ஓட்டுகிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அனுமதித் தாளிலேயே வேலை கொடுப்பவர் பெயர், பணி, குறைந்தபட்ச ஊதியம், ஒப்பந்த வகை எல்லாம் அச்சிட்டிருக்கும். அதை அவனுக்குப் படித்துக் காட்ட ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆகவே புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில. முகவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று விதி வகுக்கப்பட்டிருக்கிறது. நான்கு இலட்சம் கேட்பவரிடம் இந்த விதியைச் சொல்லிப் பார்த்தாலே அவர் எத்தகையவர் என்று தெரிந்துவிடும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது, அங்கும் விசாரிக்கலாம். வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் போலந்தில் உள்ள வேலை கொடுப்பவர், நாம் அல்ல. அனுமதி வந்த பிறகு நாம் விண்ணப்பிக்க வேண்டியது ‘டி’ வகை நீண்டகால விசா. அனுமதி இருப்பதால் விசா உறுதி என்று பொருளில்லை. 2023இல் விசா வழங்கலில் பணம் கைமாறியதாக அந்நாட்டில் பெரும் சர்ச்சை வெடித்து வெளியுறவுத் துணை அமைச்சர் ஒருவர் பதவி இழந்தார். அதற்குப் பின் விதிகள் இறுகிவிட்டன. ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று சொல்பவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

போய் இறங்கியபின் முதலில் பெற வேண்டியது ‘பெசெல்’ என்னும் பதினோரு இலக்க எண். அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் குறிக்கும். மருத்துவம், வரி, அரசு அலுவலகம் எதற்கும் அதைத்தான் கேட்பார்கள். நம்மை வேலை கொடுப்பவர் ‘ஸூஸ்’ என்னும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் பதிந்திருக்கிறாரா என்று நாமே உறுதிசெய்துகொள்ள வேண்டும். நோய் வந்த அன்று கேட்டுப் பயனில்லை. கடவுச்சீட்டை வேலை கொடுப்பவர் உட்பட எவரிடமும் விட்டுவைக்கக் கூடாது. விசா முடியுமுன்னரே மாகாண அலுவலகத்தில் தங்கல் அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை போலந்தில் தங்குவது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் அந்த நிலுவையைக் காட்டிப் பக்கத்து ஜெர்மனிக்குப் போய்வர இயலாது. ஊதியத்தில் குறை வைத்தால் முறையிட அரசின் தொழில் ஆய்வகம் இருக்கிறது. முறையிட்டவர் பெயரை வெளியிடாமல் காக்கும் கடமையும் அதற்கு உண்டு. ஆபத்துக்கு 112.

இனி என் துறைக்கு வருகிறேன்.

போலந்து மொழி கடினம் என்று அஞ்சி ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. கிடங்கில் மேற்பார்வையாளருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம். மருந்துக் கடையில் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஆங்கிலேயனுக்கு அந்த மொழி எத்தனை கடினமோ அத்தனை கடினம் தமிழனுக்கு இல்லை. அதில் ஏழு வேற்றுமைகள். எட்டு வேற்றுமை படித்தவனுக்கு ஏழைக் கண்டு என்ன அச்சம்? ‘வார்சா’ என்பதை அவர்கள் வர்ஷாவா என்கிறார்கள். வார்சாவில் என்றால் ‘வ் வர்ஷாவியே’. வார்சாவுக்கு என்றால் ‘தோ வர்ஷாவி’. பெயரின் ஈறு மாறுகிறது, பொருள் மாறுகிறது. ஆல் உருபுக்கும் கு உருபுக்கும் இணையாக அங்கே ஈறுகள் உள்ளன. நம் ஐந்தாம் வேற்றுமைக்கு மட்டும் தனி ஈறு இல்லை. ஒரு முன்சொல்லை ஆறாவதோடு சேர்த்துச் சமாளிக்கிறார்கள். விளி வேற்றுமையும் இருக்கிறது. ஒருவரை அழைக்கும்போது பெயரின் கடைசி திரியும். இதைச் சொல்லிக்கொடுத்தபோது, தேர்வில் வேற்றுமைக் கேள்வியை விட்டுவிட்டு எழுதும் மாணவன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன்.

நீ, நீங்கள் வேறுபாடும் அங்கே உண்டு. அறிமுகமற்ற ஆணைப் ‘பான்’ என்றும் பெண்ணைப் ‘பானி’ என்றும் சொல்லிப் படர்க்கையில் பேச வேண்டும். ‘ஐயா உட்காருகிறாரா?’ என்று எதிரில் இருப்பவரிடமே கேட்பதுபோல. வயதில் மூத்தவரை எடுத்த எடுப்பில் நீ என்றால் முகம் சுருங்கும். இதை நெல்லைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. திணை போன்ற ஒன்றும் இருக்கிறது. பன்மையில் ஆண் மனிதர் இடம்பெறும் கூட்டத்துக்கு ‘ஓனி’. பெண்கள், விலங்குகள், பொருள்கள் அனைத்துக்கும் ‘ஓனெ’. இதை வகுப்பில் சொன்னபோது மாணவிகள் ஒப்பவில்லை. தொல்காப்பியர் இந்த ஓரிடத்தில் நம் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போனார்கள்.

ஒரு சொல் மட்டும் எல்லோரையும் தடுக்கி விழச் செய்கிறது. போன புதிதில் அம்பாசமுத்திரத்து மாணவன் குரல் செய்தி அனுப்பினான்: “சார், நான் எதக் கேட்டாலும் நோ, நோன்னே சொல்லுதாங்க. ஆனா கேட்டத எடுத்துக் குடுத்திருதாங்க.” அங்கே பேச்சுவழக்கில் ‘நோ’ என்றால் ஆமாம். இல்லை என்பதற்கு ‘நியே’.

உணவைப் பற்றியும் கேட்கிறார்கள். அரிசி எங்கும் கிடைக்கும். ‘மஷ்லன்கா’ என்று கடையில் விற்பது நம் மோர்தான். ‘காஷா யக்லானா’ என்பது பனிவரகு. கஞ்சியாகவும் வைக்கலாம், உப்புமாவாகவும் கிண்டலாம். உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரியை அம்மா போட்ட ஊறுகாய்க்கு அருகில் வைக்கலாம், காரம்தான் இராது. 2018 முதல் படிப்படியாக வந்த சட்டத்தால் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். டிராமில் சீட்டு வாங்கினால் போதாது. ஏறியதும் பொறியில் பதிய வேண்டும். பொது இடத்தில் மது அருந்தினால் தண்டம். சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தாலும் தண்டம். வண்ணாரப்பேட்டைப் பழக்கத்தைத் திருச்சி விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போவது செலவு குறைவு.

குளிரைவிட இருட்டே அவர்களைப் படுத்துகிறது. டிசம்பரில் வார்சாவில் பிற்பகல் மூன்றரைக்குள் சூரியன் மறைந்துவிடும். இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுகிறவன் பல நாள் வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. ‘ஒண்ணும் பிடிக்கல சார்’ என்று ஒருவன் சொல்லத் தொடங்கினால் அது நாட்டின் குற்றமும் அன்று, அவன் குற்றமும் அன்று. விடுமுறை நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே நடக்கச் சொல்கிறேன். தனித்துச் சமைக்காமல் கூடிச் சமைக்கச் சொல்கிறேன். இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை வார்சா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அங்கே இராணுவச் சட்டம் வந்தது 1981 டிசம்பரில். அந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த நாவல் ‘ஏசுவின் தோழர்கள்’. போகிற பிள்ளைகளுக்கு அதைப் படிக்கக் கொடுக்கிறேன். இன்றைய போலந்து அதில் இல்லை. ஆனால் அந்நியனாக ஓர் ஊரைப் பார்ப்பது எப்படி என்பது இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை அவர்கள் ‘விகிலியா’ என்று கொண்டாடுகிறார்கள். 2025 முதல் அது அரசு விடுமுறை. அன்று குடும்பமாக உண்ணும் மேசையில் ஒரு தட்டை மிகுதியாக வைப்பது மரபு. எதிர்பாராமல் யாரேனும் வந்தால் அவருக்கு. கூட வேலை செய்யும் முதியவர் ஒருவர் என் மாணவனைச் சென்ற ஆண்டு அப்படி அழைத்துப் போனார். பன்னிரண்டு வகை உணவு, எதிலும் இறைச்சி இல்லை, பெரும்பாலானவற்றுக்குப் பெயர் தெரியவில்லை என்று எழுதினான். அதே ஊரில் டிராமில் ஒருவன் அவனை இழிவாகப் பேசியதையும் எழுதியிருந்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரேனியஸை நான் எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டையும் மறைப்பதில்லை. அவர் வந்தது கும்பினி ஆட்சியில். அவருக்குப் பின்னால் ஒரு சபை இருந்தது. பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய பணத்தில் ஆலயம் எழும்பிய ஊருக்கு இன்றும் டோனாவூர் என்று பெயர். களக்காட்டுக்கு அருகில் இருக்கிறது. என் மாணவனின் பெயரை எந்த ஊருக்கும் வைக்கப்போவதில்லை. ஆனால் மொழியைக் கற்காமலே காலம் தள்ளியிருக்கக்கூடிய ஒருவர், புலவர்களிடம் அமர்ந்து தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1832இல் ‘பூமிசாஸ்திரம்’ என்று தமிழில் ஓர் அறிவியல் பாடநூலும் வெளியிட்டார். வேறு வழி இல்லாத நம் பிள்ளைகள் எத்தனை கற்க வேண்டும்!

இதையெல்லாம் சொல்லிவரும்போது வேறொன்றும் உறுத்துகிறது. எங்கள் கல்லூரிக்கு அருகில் எழும் அடுக்ககத்தில் கம்பி கட்டுகிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் எவருக்கேனும் அவர்களுடைய மொழியில் ஒரு தாள் தரப்பட்டிருக்கிறதா? தகரக் கொட்டகையில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? தேநீர்க் கடையில் அவர்களை நாம் எந்த முன்னிலைச் சொல்லால் அழைக்கிறோம்? போலந்தில் நம் பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று நாம் பட்டியலிடுகிறோமோ, அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை வரை நடந்துபார்க்கலாம்.

நிற்க. வரும் மாதத்தில் இன்னும் மூன்று பேர் போக இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒப்பந்தத்தில் தேட வேண்டிய பதினைந்து போலந்துச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வாசகர்களின் உறவில், தெருவில் யாரேனும் புறப்படுவதாக இருந்தால் அனுப்பி வைக்கலாம். கையெழுத்திடும் முன் வரச் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் துறையில்தான் இருப்பேன்.